துவைக்காத துணி

நாலு துணி. பன்னிரண்டு மணிக்குச் சிஸ்டர் கதவைப் பாதி திறந்து நீட்டிய பொட்டலத்தை வாசலிலேயே எண்ணிவிட்டேன், நாலு, காலை ஆறு மணிக்கு மூன்றுதான் வந்தது, ஒன்று கூடியிருக்கிறது, கூடினால் நல்லதுதானே, குழந்தை குடித்தால்தானே நனைக்கும், மூக்கு வழியாகப் போட்ட குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பால் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் என் கைக்கு வந்து சேர்கிறது. "மோகனப்பிரியா குழந்தை! மோகனப்பிரியா குழந்தைக்கு யாருங்க?" என்று கூப்பிட்டதும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாலு நாளாக லோகநாதன் என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கீழ்த்தளத்தில் நான் மோகனப்பிரியா குழந்தை, மனைவி படுத்திருக்கிற மூன்றாம் மாடி ஐசியூ வாசலில் மோகனப்பிரியா அட்டெண்டர், நடுவில் இருக்கிற படிக்கட்டுகளில் மட்டும் நான் யாரும் இல்லை. குழந்தை இருக்கிற வார்டுக்குள் ஆம்பளைகளை விடுவதில்லை. நான் பார்த்தது ஒரே தடவை, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பச்சைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினார்கள், லிப்ட் கதவு மூடுவதற்குள் ஒரு காதும் ஒரு குதிகாலும் தெரிந்தன. பொண்ணு, ஒரு கிலோ அறுநூறு. முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மற்றதையெல்லாம் துணிதான் சொல்கிறது. முதல் நாள் தார் மாதிரிக் கறுப்பு, தேய்க்கத் தேய்க்க நுரையே கறுத்தது. ரெண்டாம் நாள் பாசி நிறம். நேற்று வெறும் ஈரம், என் உள்ளங்கையில் பாதி. இன்றைக்குக் கொடுக்கும்போதே சிஸ்டர் சொன்னார், "ஒண்ணுல மஞ்சளாப் போயிருக்குங்க. நல்லதுதான், வயிறு வேலை செய்யுது." மஞ்சள். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே பின்பக்கம் நடந்தேன், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று, யாரும் கேட்கவில்லை.

மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டின் அடியில் நாலு குழாய்களும் ஒரு துவைக்கிற கல்லும். முழுக்கப் பொம்பளைகள். முதல் நாள் நான் வாளியோடு வந்து நின்றதும் பேச்சு நின்றுபோனது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விலகினார்கள். இப்போது பழகிவிட்டது. "வாங்க தம்பி, இந்தக் குழாய்ல தண்ணி ஜோரா வருது" என்று தாராபுரத்து மெகருன்னிசா அக்கா நகர்ந்து இடம் விட்டார், அவருடைய தங்கைக்கு ரெட்டைக் குழந்தை, ரெண்டும் உள்ளே, அவர் வாளி எப்போதும் நிறைந்துதான் இருக்கும். "எத்தனை?" என்றார். "நாலுங்க்கா. ஒண்ணு மஞ்சள்." "அல்ஹம்துலில்லா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அலசினார். அந்த ஒரு சொல்லுக்கே கண் கரித்தது, இல்லை, சோப்புத் தண்ணி தெறித்திருக்கும். தண்ணி குளிர்ச்சி. துணியை விரித்து முதலில் வெறும் தண்ணியில் அலச வேண்டும், சோப்பு பிறகுதான், இது கம்பெனியில் தெரிந்துகொண்டது. திருப்பூரில் பத்து வருஷமாக பனியன் கம்பெனியில் அயர்ன் மேசை, என் கை வழியாகப் போன துணியெல்லாம் சேர்த்தால் எத்தனை ஊர் தூரத்துக்கு வரும், அதில் ஒரு முழம்கூட எங்களுடையது இல்லை. குழந்தை பிறந்த அன்றைக்குச் சிஸ்டர், "டயப்பர் வேண்டாங்க, இத்தனூண்டு குழந்தைக்குக் கழுத்து வரைக்கும் வரும். எத்தனை வாட்டி போகுது, என்ன நிறத்துல போகுதுன்னு எங்களுக்குத் தெரியோணும். நல்லா நைஞ்ச பருத்தித் துணி கொண்டாங்க, வெள்ளையோ வெளிர் நிறமோ" என்றபோது என்னிடம் ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மோகனா விடவில்லை. அஞ்சாம் மாசமே சொல்லிவிட்டாள், எதையும் வாங்கக் கூடாது, எதையும் மடித்து வைக்கக் கூடாது, பேர்கூட யோசிக்கக் கூடாது என்று. எட்டாம் மாசத்தில் சமையல்கட்டில் பிரஷர் ஏறி வலிப்பு வந்து விழுந்தவளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தபோது என் பையில் இருந்தது படுத்துக்கொள்ள எடுத்த பழைய வேட்டி ஒன்றுதான். வராண்டாவில் நின்று அதைக் கிழித்தேன். அந்தச் சத்தத்துக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை, கரையைப் பிடித்து நேராகக் கிழித்துக்கொண்டே போனேன், பத்துத் துண்டு வந்தது. கிழிக்கும்போது, பத்தும் வேண்டியிருக்குமா என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

முதல் துணி. ரெண்டாவது துணி. பிழிந்து உதறித் தோளில் போட்டுக்கொள்கிறேன், ஈரம் சட்டைக்குள் இறங்கி முதுகில் ஓடுகிறது, நன்றாக இருக்கிறது. மணி பன்னிரண்டரை இருக்கும். நாலு மணிக்கு ஐசியூவில் விடுவார்கள், ஒரே ஆள், அரை மணி நேரம். நாலு மணிக்கு நான் என்ன சொல்வேன். நேற்று சொன்னதையே சொல்ல முடியாது. நேற்றுதான் அவள் கண்ணைத் திறந்து ஆளைப் பார்த்துப் பேசினாள், தொண்டையில் இருந்த குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள், குரல் வேறே யாருடையதோ மாதிரிக் கரகரத்தது. "குழந்தை?" என்றாள். "பொண்ணு மோகனா. நல்லா இருக்கு. கண்ணாடிப் பெட்டியில இருக்கு." சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதே வாக்கியம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறே ஊரில் வேறே ஆஸ்பத்திரியில் அதே வாக்கியத்தை, அதே மாதிரிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இந்தத் தடவை துணி தொங்கப் போட்டாச்சுங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். வெளியே வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார், "கஞ்சி குடிக்க மாட்டேங்கறாங்க, பால் எடுக்கலாம்னா கையைத் தட்டி விடறாங்க, பிரஷர் மறுபடி ஏறுது. குழந்தை நல்லா இருக்குன்னு நாங்களும் சொல்லிட்டோம். நீங்க சொன்னாத்தானே கேப்பாங்க?" நான் சொன்னால்தான் கேட்க மாட்டாள், டாக்டரம்மா. அதை அவரிடம் எப்படிச் சொல்வது.

அன்றைக்குப் பிறந்தது பையன். ஏழு மாசம். பொழுது உச்சிக்கு வருகிற வரைக்கும் இருந்தான். மோகனாவின் அண்ணன்தான் சொன்னார், "இப்பச் சொல்ல வேண்டாம் மாப்ளே, தையல் காயட்டும், உடம்பு தேறட்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். நானும் அவருமாகப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தோம், கை கழுவினேன், போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், கண்ணாடிப் பெட்டியில இருக்கு என்றேன். அவள் சிரித்தாள். ஒரு மஞ்சப்பையை எடுத்துக் கொடுத்தாள், ஆறு மாசமாகத் தைத்து ஓரம் மடித்து வைத்திருந்த துணிகள், இருபதோ என்னவோ, முடிச்சுப் போடுகிற நாடா வைத்தது. "இதைக் குடுத்துருங்க. ஆஸ்பத்திரித் துணி முரடா இருக்கும்." வாங்கிக்கொண்டு வெளியே போனேன். வராண்டாக் கோடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. திரும்பி வந்து குடுத்துட்டேன் என்றேன். சாயங்காலம் கேட்டாள், "அழுக்குத் துணி வருமல்லங்க, எங்க?" அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாப் பொய்யையும் யோசித்து வைத்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. "துவைச்சுப் போட்டிருக்கேன்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு செய்ய வேண்டுமே. பையிலிருந்து மூன்று துணியை எடுத்துக் குழாயில் நனைத்துப் பிழிந்து அவள் கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே கம்பியில் போட்டேன். மறுநாள் அதை எடுத்துவிட்டு வேறே மூன்று. காற்றில் ஆடியதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். இல்லாத ஒரு குழந்தைக்கு ரெண்டு நாள் துணி துவைத்தேன். மூன்றாம் நாள் நான் டீ வாங்கப் போன நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து ஒரு துணியை உருவி முகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் டீயோடு நிற்கிறேன். "இதுல எங்குழந்தை இல்லீங்க" என்றாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் நான் கொடியில் துணி காயப்போடும்போது மட்டும் உள்ளே போய்விடுவாள்.

மூன்றாவது துணியையும் பிழிந்தாகிவிட்டது. நாலாவது கையில் இருக்கிறது. மஞ்சள். குழாயைத் திறந்துவிட்டேன், துணியை விரித்துத் தண்ணிக்கு அடியில் நீட்டப்போனேன், நீட்டினால் ஒரு நிமிஷம், அப்புறம் இதுவும் எல்லாத் துணியும் மாதிரி ஒரு துணி, சுத்தமான துணியை எவன் வேண்டுமானாலும் தொங்கப் போடலாம், நான் போட்டிருக்கிறேனே. கை அப்படியே நின்றது. தண்ணி கல்லில் விழுந்து தெறிக்கிறது. "ஏன் தம்பி, தண்ணி வீணாப் போகுது பாருங்க" என்றார் மெகருன்னிசா அக்கா. குழாயை மூடினேன். "இதைத் துவைக்கலீங்க்கா." "ஏன்?" "அவகிட்டக் காட்டோணும்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், நாலு நாளாகத் தூங்காத ஆள் உளறுகிறான் என்று நினைத்திருக்கலாம், அப்புறம் எதுவும் கேட்காமல் பிளாஸ்க் வைத்திருந்த பாலித்தீன் கவரை உதறி நீட்டினார். மடித்தேன். மஞ்சள் பட்ட பக்கம் உள்ளே வருகிற மாதிரி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விரல் நுனியால் நீவி, அயர்ன் மேசையில் மடிக்கிற மாதிரியே. போனைச் சிஸ்டரிடம் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்லலாம் என்று முந்தாநாளே கேட்டுப் பார்த்தேன், வார்டுக்குள் போன் கூடாது என்றார்கள், எடுத்திருந்தாலும் என்ன, எந்தக் குழந்தையின் போட்டோவோ என்பாள். இதை அப்படிச் சொல்ல முடியாது. சொல்வாளோ. எந்தக் குழந்தையின் துணியோ என்று சொல்வாளோ.

மொட்டைமாடியில் வெயில் வெள்ளையாக அடிக்கிறது. மூன்று துணிகளையும் கம்பியில் போட்டுவிட்டுத் தண்ணித் தொட்டியின் நிழலில் சாய்ந்தேன், கவர் மடியில். எத்தனை துணிகள், வரிசை வரிசையாக, யார் யாருடைய குழந்தைகளோ, எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை, காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து உப்பி எழுந்து மெதுவாக அடங்குகின்றன, தூங்குகிற நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி, நானும் அதோடு மூச்சு விடுகிறேன், எழும்போது உள்ளே, இறங்கும்போது வெளியே. கண் சொருகுகிறது. துணிகளுக்கு நடுவில் யாரோ நடக்கிறார்கள், பாதம் மட்டும் தெரிகிறது, மோகனாவின் பாதம், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி துணி துணியாகப் பிடித்துக்கொண்டு வருகிறாள், ஒவ்வொன்றாக முகத்தில் வைத்துப் பார்த்து விட்டுவிடுகிறாள், இது இல்லை, இது இல்லை, நான் இங்கே இருக்கிறேன், கவர் என்னிடம் இருக்கிறது என்று கத்துகிறேன், வாயில் துணி. ஒரு குதிகால், ஒரு காது. காதுக்குள் சொல்லலாம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளலாம், இவ்வளவு போதும், இதை வைத்துக்கொண்டே ஒரு ஆளை வளர்த்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், பின்னாலிருந்து பார்க்கிறேன், திரும்பினால் முகம் தெரியும், திரும்ப மாட்டேன் என்கிறாள். காக்கா கத்தியதில் விழித்துக்கொண்டேன். கவர் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன், ஓரம் காய ஆரம்பித்துவிட்டது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். புளித்த மாதிரி, கொஞ்சம் இனிப்பாக, வேக வைத்த எதையோ மூடி வைத்துத் திறந்த மாதிரி. நாலு மணிக்குள் இந்த வாசம் போய்விடுமா. உடனே இன்னொரு நினைப்பு வந்தது. இந்தத் துணி பன்னிரண்டு மணியைச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு இருந்தாள் என்றுதான் இது சொல்லும். இப்போது மணி என்ன. நான் இதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிற நேரத்தில் கீழே ஏதாவது ஆகிவிட்டிருந்தால். மறுபடியும் பொய்யன் நான்தான். இதைவிடப் பெரிய பொய் இருக்காது. போகாமலே இருந்துவிடலாமா. ஆறு மணிக்கு அடுத்த துணி வருகிற வரைக்கும் பொறுத்து, பிறகு அதற்கடுத்த துணி வருகிற வரைக்கும் பொறுத்து.

"தம்பி! மோகனப்பிரியாவைக் கூப்பிடறாங்க!" கீழே படிக்கட்டிலிருந்து மெகருன்னிசா அக்காவின் குரல். மூன்றேகால். மூன்றேகாலுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆறு, பன்னிரண்டு, ஆறு, அதுதான் நேரம், நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட்டது நேற்று சாயங்காலம் ஈரோட்டுக்காரரை, அவர் உள்ளே போனவர் வெளியே வரும்போது ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். செருப்பு எங்கே விட்டேன் தெரியவில்லை, மாடித் தரை சுட்டது, படி சுட்டதா குளிர்ந்ததா தெரியவில்லை, கவர் மட்டும் கையில் இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், வீசிவிடு, துவைத்திருக்கலாம், எல்லாத்தையும் மாதிரி துவைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, துவைக்காமல் வைத்ததுதான் தப்பு, யாராவது அழுக்குத் துணியை மடித்து வைப்பார்களா. கதவுக்கு வெளியே சிஸ்டர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் செருப்பைப் பார்த்தேன். "துணி தீந்துருச்சுங்க. ஒரு மணி நேரத்துல மூணு நனைச்சுட்டா. இன்னும் ரெண்டு குடுங்க." கையில் இருந்த கவரைப் பார்த்தேன். "துணி இல்லீங்களா?" "காயுதுங்க" என்றேன், மாடியைக் கையால் காட்டினேன். "போய் எடுத்துட்டு வர்ற வரைக்கும் ஈரத்துல போட்டு வைக்கக் கூடாதுங்க, சளி பிடிச்சுக்கும்." பின்னாலேயே இறங்கி வந்த மெகருன்னிசா அக்கா தன் பையிலிருந்து ரெண்டு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "மூணு நனைச்சாளாமா? கெட்டிக்காரிதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கதவு மூடியது. அப்படியே வராண்டாவில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேர் தாண்டிப் போனார்கள் தெரியாது. மூன்று நனைத்திருக்கிறாள். மூன்றேகால் வரைக்கும் இருக்கிறாள். அதுவரைக்கும் உண்மை.

நாலு மணி. மூன்றாம் மாடி. கவரைச் சட்டைக்குள் செருகி மேலே அவர்கள் கொடுத்த பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டேன், ஆனால் கதவுக்குள் காலை வைத்ததும் ஒளிக்க முடியவில்லை, ஒளித்து ஒளித்துத்தானே இந்த நிலைமை. "சிஸ்டர், எங்குழந்தையோட துணிங்க இது. துவைக்கலீங்க. அவ நம்ப மாட்டேங்கறா." எடுத்து நீட்டினேன். ஐசியூ சிஸ்டர் சின்ன வயசு, கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இங்க இதெல்லாம் கொண்டுவரக் கூடாதுங்க" என்றார், கட்டில் பக்கம் திரும்பி அங்கே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைப் பார்த்தார், அவள் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம். தூரமா நின்னு காட்டிட்டு எடுத்துட்டுப் போயிருங்க. கைல குடுக்காதீங்க." கட்டிலுக்கு அந்தப்பக்கம், சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். உதடு வெடித்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று, உங்கண்ணன் சொன்னாரென்று சொன்னாலும் செய்தது நான்தான் என்று, அந்த வாக்கியத்தை இனி என் வாயால் சொல்ல மாட்டேன் என்று. கவரைப் பிரித்துத் துணியை விரித்தேன். அவள் பார்த்தாள். ஊசி ஏறிக்கொண்டிருந்த கை எழுந்து வந்தது, நான் பின்னால் இழுத்திருக்க வேண்டும், இழுக்கவில்லை, துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், இழுத்தாள், முகத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயோ ஒரு மெஷின் பீப் பீப் என்கிறது. அவள் மூச்சை இழுப்பது மட்டும் கேட்கிறது, நிறுத்துகிறாள், மறுபடியும் இழுக்கிறாள். கண்ணோரத்தில் ஊறியது காதுக்குள் ஓடியது. "ஏனுங்க" என்றாள். அந்தக் கரகரத்த குரல்தான், ஆனால் இப்போது அவளுடையது. "எத்தனை மணிக்குப் போனா?" "பன்னெண்டு மணிக்குள்ள." "இப்ப நாலாச்சு. காய விட்டுட்டீங்க பாருங்க. உடனே அலசியிருந்தாத்தான் கறை போகும்." சரி என்று தலையாட்டினேன். "அதுக்கப்புறம் போனாளா?" "மூணு துணி நனைச்சுட்டா. இருந்தது தீந்துபோச்சு, பக்கத்துல ஒரு அக்காகிட்ட வாங்கிக் குடுத்தேன்." அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள், நேற்றைக்குப் பார்த்த மாதிரி இல்லை, கணக்குப் போடுகிற மாதிரி, எதுவோ யோசிக்கிற மாதிரி. சிஸ்டர் வந்து துணியைத் தாங்க என்று கையை நீட்டினார், மோகனா கொடுக்கவில்லை. "பஸ் இருக்கும். வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். "பீரோவுல கீழ்த்தட்டுல எம்பட சந்தனக் கலர் சேலை இருக்கு. அதைக் கிழிச்சுக்குங்க." "நீ ஆசையா உடுத்தறதாச்சே, அதையா?" என்றேன். "நல்லா நைஞ்சிருக்குங்க. அவளுக்கு உறுத்தாது."